மூன்றரை மணி முந்திய கடிகாரம்

காலை ஐந்து இருபது. பக்கத்துக் கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

இரண்டும் முன்னறைச் சுவரில் ஒரு முழ இடைவெளியில் தொங்கின. இடதுபுறம் எருமப்பட்டி நேரம். வலதுபுறம் ஜப்பான் நேரம். அந்த முன்னறைதான் கோழிப் பண்ணைக்கு ஆபீஸ். முட்டை வியாபாரி, தீவன லாரிக்காரர், கோழி டாக்டர் என்று யார் முதல்முறை வந்து உட்கார்ந்தாலும், வலதுபுறக் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று சொல்வார்கள்.

மோகன்குமார் வலதுபுறத்தைத்தான் எப்போதும் முதலில் பார்ப்பான். பதினான்கு வருடப் பழக்கம்.

மனைவி மைதிலி ஐஸ் பெட்டியுடன் வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். வளர்கோழி ஷெட்டில் இன்று தடுப்பு மருந்து. ஆறாயிரம் கோழி. அதற்காகத் தான் வேலை பார்க்கும் லேபில் லீவு போட்டிருந்தாள்.

“தண்ணிய நிறுத்தியாச்சுங்களா?”

“நாலு மணிக்கே.”

“குளோரின்?”

“ரெண்டு நாளா போடல.”

அவள் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“இன்னைக்குத்தானுங்க கடைசி நாளு. நெனவிருக்குதுங்களா?”

“ம்.”

“இந்த வேலைய முடிச்சுட்டு உக்காந்து பேசுவோம். சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதில்ல.”

மோகன் வாயைத் திறந்தான்.

சாயந்திரம் என்று அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று நாளுக்கு முன், மைதிலிக்கு வேலை தருவதாக ஜப்பானின் ஒக்கயாமா நகரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முழுக்க ஜப்பானிய மொழி. அவன்தான் படித்து வரி வரியாகத் தமிழில் சொன்னான். ‘இருபத்திநாலாம் தேதி அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். வரலீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க.’ அந்த வரியில், அடைப்புக்குறிக்குள் நான்கு எழுத்துகள் இருந்தன. ஜப்பான் நேரம். அதை அவன் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. ஐந்து மணி என்றால் அவனுக்கு அந்த ஐந்து மணிதான். இங்கே அது மதியம் ஒன்றரை.

அவள் சாயந்திரம் என்று நினைத்திருக்கிறாள்.

சொல்வதற்கு ஒரு நொடி போதும்.

“டார்ச்ச எடுத்துக்க,” என்றான். “ஷெட்டுல ஒரு லைட்டு எரியல.”

*

அந்த நாட்டுக்குப் போக அவன் பதினோரு விண்ணப்பம் போட்டிருக்கிறான். மைதிலி ஒன்றுகூடப் போட்டதில்லை.

அவளுக்கு நாமக்கல் ரோட்டில் ஒரு முட்டைப்பொடி ஆலையில் வேலை. லேபில் நுண்ணுயிர்ச் சோதனை. ஆலையின் பொடியை வாங்கும் ஒக்கயாமா கம்பெனியிலிருந்து போன தை மாதம் இருவர் தணிக்கைக்கு வந்தார்கள். அவளுடைய பதிவேடுகளை அரை நாள் புரட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் ஆலையின் லேபுக்கு வர முடியுமா?

போன வாரம் வீடியோவில் நேர்முகம் நடந்தது. அவளுக்கு மொழி தெரியாது. கணவருக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தாள். மோகன் புதுச்சட்டை போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேலாளர் நரைத்த தலைக்காரர். முதல் இரண்டு நிமிடத்திலேயே வியந்தார்.

“இவ்வளவு அழகாகப் பேசுகிறீர்களே, எங்கே படித்தீர்கள்?”

“கோழி ஷெட்டில்,” என்று அவர் மொழியில் சொன்னான்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவனும் சிரித்தான். அந்த ஒரு கணம் வேலை தனக்குத்தான் என்பதுபோல் இருந்தது. பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைதிலி பக்கம் திரும்பினார். முக்கால் மணி நேரம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் அவர் சொன்னது நீளமான வாக்கியம். இப்படி ஒருவரைத்தான் நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தோம், உங்கள் பதிவேட்டை எங்கள் இளைஞர்களுக்குக் காட்டியிருக்கிறோம் என்று பொருள்.

“என்னுங்க சொல்றாரு?” என்று மைதிலி கேட்டாள்.

“பரவால்லையாம். நல்லா இருக்குதாம்.”

அவள் தலையைக் குனிந்து வணங்கினாள். அதையும் அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

*

ஷெட்டில் கோழிகள் தாகத்தில் கத்தின. குழாய் முனைகளைக் கொத்திப் பார்த்துவிட்டு மறுபடி கத்தின.

மைதிலி டேங்கிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். பையிலிருந்து சிறு புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள்.

தண்ணீர் மஞ்சளானது.

“ஏனுங்க.”

மோகன் வந்து பார்த்தான்.

“இதுல குளோரின் இருக்குதுங்க. நெம்ப இருக்குது.”

அவனுக்கு நினைவு வந்தது. காலை நாலரை மணி. டேங்க் ஏணியில் ஏறியிருக்கிறான். ஒரு கையில் போன். அந்த மின்னஞ்சலை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறான். கணவரும் மகளும் குடும்ப விசாவில் வரலாம் என்ற வரி. கணவர் விரும்பினால் அனுமதி பெற்று வாரம் இருபத்தெட்டு மணி நேரம்வரை வேலை செய்யலாம் என்ற வரி. இன்னொரு கை டப்பாவிலிருந்து குளோரின் மாத்திரைகளை எடுத்துத் தினமும் போடுவதுபோல் டேங்குக்குள் போட்டிருக்கிறது.

மருந்து உயிருள்ள மருந்து. குளோரின் பட்டால் செத்துவிடும். ஆறாயிரம் கோழிக்கும் வெறும் தண்ணீர் கொடுத்ததாக ஆகும். ஒரு மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஷெட்டே காலி.

“பழக்கத்துல போட்டுட்டேன்,” என்றான்.

மைதிலி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

“சின்னுசாமியண்ணா, டேங்கத் தொறந்து உடுங்க,” என்றாள். “லைன் தண்ணியும் போகட்டும். போர்த் தண்ணி நேரா ஏத்துங்க.”

மேஸ்திரி சின்னுசாமி மகிழ்ச்சியுடன் வால்வைத் திருகினார். இந்த முறை தப்பு செய்தது முதலாளி.

“ஒருக்கா நானு போட்டப்போ எத்தன பேச்சுப் பேசுனாரு தம்பி,” என்றார் தண்ணீரைப் பார்த்தபடி. “ஜப்பான்ல இப்புடிப் பண்ணுனா என்னாகுந் தெரியுமான்னாரு.”

“அண்ணா,” என்றாள் மைதிலி.

“நாஞ் சொல்லலியே சாமி. தண்ணி பாட்டுக்கு ஓடுது.”

மோகனின் போன் அடித்தது. அப்பா.

“மோசி மோசி,” என்றார் நாச்சிமுத்து.

அங்கே போனில் இப்படித்தான் ஹலோ சொல்வார்கள் என்று ஒரு காலத்தில் மகன் சொல்லிக் கொடுத்தது. கிண்டலாக ஆரம்பித்தார். இப்போது அவருக்கு அதுதான் ஹலோ. தீவன வியாபாரிக்கும் அதுதான்.

“டேங்குல தண்ணி கொட்டுதே, என்னப்பா ஆச்சு?”

அவன் பதில் சொல்வதற்குள் அவர் பெரிய ஷெட் பக்கமிருந்து நடந்தே வந்துவிட்டார். எழுபது வயது. நடையில் வேகம் குறையவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நேரில் கேட்டார்.

“மருந்து வெக்கற நாளுல டேங்க ஏன் தொறந்து உட்டுருக்கறீங்க?”

“வால்வு ஒழுகுச்சுங்க மாமா,” என்றாள் மைதிலி. “அதான் காலி பண்ணிட்டு மாத்திட்டோம்.”

சின்னுசாமி வேறு பக்கம் பார்த்தார். நாச்சிமுத்து தலையசைத்தார். மகன் மீது குற்றம் வராதபடி அவள் பொய் சொன்னாள். அதையும் சட்டென்று, இயல்பாகச் சொன்னாள். மோகனுக்குக் காது சுட்டது.

*

டேங்க் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். வெளிச்சம் வந்துவிட்டது. தூரத்தில் கொல்லிமலை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நாச்சிமுத்து தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“அம்மிணி, என்ன முடிவு பண்ணுன?”

“இன்னும் இல்லீங்க மாமா.”

“இதுல ரோசனை பண்ண என்ன இருக்குது? போயிட்டு வா. பாப்பா ஸ்கூல் சேந்துக்குவா. சின்னப் புள்ளைக்கு ஒரு வருசத்துல பாஷை வந்துரும். இவனுந்தான் இருக்கறானே, பாஷைக்கு.”

மோகன் குழாய் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

“கோழிய யாருங்கப்பா பாக்கறது?”

“நானு என்ன செத்தா போயிட்டேன்? சின்னுசாமி இருக்கறான். முடியலீனா ரெண்டு ஷெட்டக் குத்தகைக்கு உட்டுட்டாப் போச்சு.”

கோழிய யார் பாக்கறது. இதே கேள்வி. இருபத்துநாலு வயதில் அவனுக்கு ஜப்பானில் ஒரு பண்ணையில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. சேலம் போய்க் கடிகாரம்கூட வாங்கிவிட்டான். இப்போது போகச் சொல்லும் இதே வாய்தான் அன்று இந்தக் கேள்வியைக் கேட்டது. அவன் போகவில்லை. கடிகாரத்தைச் சுவரில் மாட்டினான்.

“அன்னைக்கும் சின்னுசாமியண்ணன் இருந்தாருங்களேப்பா.”

நாச்சிமுத்து மூட்டையின் தையலை விரலால் தடவினார்.

“அன்னைக்கு எனக்குப் பயம்,” என்றார். “நீ போனாத் திரும்ப மாட்டயோன்னு.”

“இப்பப் பயமில்லீங்களா?”

“எழுவது வயசுல என்ன பயம்? வாரவங்க வாராங்க, போறவங்க போறாங்க.” மருமகளைப் பார்த்துச் சிரித்தார். “அந்தத் தேதி போட்ட முட்டைன்னு இவஞ் சொல்லுவானே, அதை மட்டும் ஒன்னு போட்டோ எடுத்து அனுப்பு சாமி. பச்சையாக் குடிச்சா நெசமாவே ஒன்னும் ஆவாதான்னு பாக்கோணும்.”

மைதிலியும் சிரித்துவிட்டாள். மோகன் கடைசிக் குழாயைத் துடைத்தான்.

அந்த முட்டை அவனுடையது. கல்லூரியில் ஒரு வீடியோவில் பார்த்தான். ஒரு கிழவர் சூடான சோற்றின்மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டார். ஓட்டில் தேதி அச்சிட்டிருந்தது. முட்டையை அப்படி நம்பிச் சாப்பிடும் ஒரு நாடு இருக்கிறது என்பதை அவனால் அன்று முழுவதும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பிறகு வருடக்கணக்கில் எல்லோரிடமும் சொன்னான். ரப்பர் ஸ்டாம்ப் செய்து தன் முட்டைகளில் ஒரு தட்டுக்குத் தேதி போட்டான். முட்டைக்குப் பொறந்தநாளுங்களா என்று வியாபாரி கேட்டார். ஸ்டாம்ப் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

மைதிலிக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவன் சொன்னது. இப்போது போட்டோ அனுப்பப் போவது அவள்.

*

மருந்துப் புட்டியை மைதிலி தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துத் திறந்தாள். மருந்து கெடாமலிருக்கப் பால் பவுடர் கலந்த தண்ணீர். அதில் மருந்து பரவியது. லைனைத் திறந்ததும் கத்தல் நின்றது. ஆறாயிரம் கோழியும் குடிக்கும் சத்தம் மட்டும்.

இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். குடிக்காமல் ஒதுங்கிப் படுத்திருக்கும் கோழியைத் தட்டி எழுப்ப வேண்டும். வலது வரிசையில் அவள் நடந்தாள். இடது வரிசையில் மோகன். நடுவில் கம்பிக் கூண்டுகள்.

அவள் அந்த நாட்டைக் கனவு கண்டவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் கணவனின் சொந்தக்காரர்கள் பெயரைக் கற்றுக்கொண்டதுபோல்தான் அதையும் கற்றுக்கொண்டாள். ஊர்கள், ரயில்கள், எப்போது குனிய வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும். அவனுடைய பெரிய குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது என்பதுபோல்.

தை மாதத்தில் அது மாறியது. தணிக்கைக்கு வந்த இருவரில் ஒரு பெண் இருந்தாள். மைதிலியின் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். நாலு வருடத்துக்கு முன் மைதிலி தன் தவறு ஒன்றைத் தானே எழுதி, கையெழுத்துப் போட்டு, சோதனையைத் திரும்பச் செய்த பக்கம். ஆலையில் அதற்காக அவளைத் திட்டியிருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து நின்று அந்தப் பக்கத்துக்காக வணங்கினாள்.

அன்றிலிருந்து மைதிலிக்குப் போக வேண்டும். வீட்டில் யாரிடமும் இதை அவள் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று இருந்தாள். போலாம் என்று ஒரு வார்த்தை. மூன்று நாளாகக் கேட்டுவிட்டாள்.

உன் இஷ்டம் என்கிறான். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து சொல்வதுபோல் சொல்கிறான்.

“ஏனுங்க,” என்று கூண்டுகளுக்கு மேலாகக் கூப்பிட்டாள்.

“சொல்லு.”

“நீங்க எம்மேல கோவமா இருக்கறீங்களா?”

“கோவம் எதுக்கு? கோழியப் பாரு. அந்த மூலைல ரெண்டு குடிக்கல.”

அவள் மூலைக்குப் போனாள். இரண்டும் குடித்துக்கொண்டுதான் இருந்தன.

*

மருந்து வேலையும் மற்ற ஷெட் வேலைகளும் முடிந்து, கருவிகளைக் கழுவி, சமையலும் ஆகி, குளித்துவிட்டு வர மதியம் ஒன்று பத்து. வலதுபுறக் கடிகாரத்தில் நாலு நாற்பது.

மைதிலி முன்னறையிலேயே இலை போட்டாள். அரிசிம்பருப்புச் சோறு. நெய். கத்தரிக்காய்ப் பொரியல். மாமியார் ராமாயி ஆத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் தனப்பிரியா பள்ளியில். மாமனார் இன்னும் ஷெட்டிலிருந்து வரவில்லை.

மோகன் சாப்பிட உட்கார்ந்தான். கடிகாரங்கள் அவனுக்கு நேர் எதிரே. அவளுக்குப் பின்னால்.

“நானு முடிவு பண்ணிட்டனுங்க,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

“போலாம்னு இருக்கறேன். மூனு பேரும். உங்களுக்கு அங்க இருபத்தெட்டு மணி நேர வேலைதான் இருக்குதுன்னா அதையே செய்வோம். ரெண்டு வருசத்துல உங்க பாஷைக்கு உங்கள உடவா போறாங்க? என்னய விட நீங்கதான் அந்த ஊருக்கு ஏத்த ஆளு. அது எனக்குத் தெரியாதுங்களா?”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா இப்பவே அனுப்பிருவேன். அவங்க பாஷைலயே அனுப்புனா நல்லா இருக்கும். நீங்க எழுதுனா.”

நாலு நாற்பத்து மூன்று.

ஏத்த ஆள். அதை அவள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒக்கயாமாவில் ஆலையிலிருந்து ஸ்டேஷனுக்கு எந்தத் தெரு என்று அவனுக்குத் தெரியும். போன் வரைபடத்தில் அந்தத் தெருவில் நடந்திருக்கிறான். இடதுபுறம் ஒரு சைக்கிள் கடை. அதற்குப் பக்கத்தில் பாலம். பாலத்தின்மேல் ஒரு டிராம் நின்றிருக்கும். அந்தத் தெருவில் அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அவன் பின்னால் காய்கறிப் பையுடன் நடப்பான். யாராவது நிறுத்திக் கேட்பார்கள், இவ்வளவு அழகாகப் பேசுகிறீர்களே, எங்கே படித்தீர்கள் என்று. சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

“என்னுங்க?”

“சாப்பிட்டுட்டு அனுப்பு,” என்றான்.

“செரிங்க.”

அவள் முகம் தெளிந்தது. அவளுக்கு அதுவே சம்மதமாகப் பட்டது. இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் போடு,” என்றான்.

அவன் மறுசோறு கேட்பதே அபூர்வம். அவள் சந்தோஷமாகப் போட்டாள். ஒரு முட்டை ஊத்தட்டுங்களா என்று கேட்டாள். ஊத்து என்றான். அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல் காயும் சத்தம் கேட்டது. பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.

நாலு ஐம்பத்தொன்று.

முட்டை வந்தது. மஞ்சள் உடையாமல் நடுவில் நின்றது. அவன் விரலால் உடைத்துச் சோற்றில் பரப்பினான். நிதானமாகச் சாப்பிட்டான்.

“மோர் இருக்குதா?”

“தயிரே இருக்குதுங்க.”

“மோரே போதும். கடஞ்சுட்டு வா.”

நாலு ஐம்பத்தெட்டு. அவள் மோர் கடையும் சத்தம். மத்து பாத்திரத்தில் இடிபடும் சத்தம். சொல்வதற்கு ஒரு நொடி போதும். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. நூற்றிருபது நொடி. எழுந்து போய்ச் சொல்லலாம். உட்கார்ந்தே சொல்லலாம்.

நொடி முள் மேலே வந்தது. கடந்து போனது. சத்தம் எதுவும் இல்லை.

மைதிலி மோர்ச் சொம்புடன் வந்தாள். அவன் கையை ஏந்தி வாங்கிக் குடித்தான். உப்பு சரியாக இருந்தது.

*

நாச்சிமுத்து இரண்டு மணிக்கு வந்தார். அதுவரை மோகன் இலையை விட்டு எழவில்லை. வாசலில் கால் கழுவினார். துண்டால் முகம் துடைத்தபடி உள்ளே வந்து மகனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மைதிலி அவருக்கு இலை போட்டாள்.

“எல்லாக் கோழியும் குடிச்சுருச்சு அம்மிணி. நல்ல வேலை பண்ணுன.”

“சின்னுசாமியண்ணன் இருந்ததால ஆச்சுங்க மாமா.”

கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பார்ப்பதுதான். அதில் அவருக்கு ஒரு வேடிக்கை.

“மோகா, அங்க அஞ்சரை ஆச்சாட்ட இருக்குது. உன்ர ஆளுங்கெல்லாம் ஆபீசப் பூட்டிட்டுக் கெளம்பிருப்பாங்க.”

மைதிலியின் கையில் கரண்டி இருந்தது. அது இலைக்கு மேல் அப்படியே நின்றது.

அவள் திரும்பி வலதுபுறக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து வருடமாகத் தூசி தட்டிய கடிகாரம். பிறகு இடதுபுறத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“அந்த அஞ்சு மணி,” என்றாள். “எந்த அஞ்சு மணிங்க?”

மோகன் இலையை மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துவிட்டு மேஜையிலிருந்த போனை எடுத்தாள். மின்னஞ்சலைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

“நேரம் எந்த எடத்துல இருக்குது? காட்டுங்க.”

அவன் காட்டினான்.

“இந்தப் பதினேழுதான் அஞ்சு மணியா?”

“ஆமா.”

“அதுக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள நாலு எழுத்து இருக்குது. மொத ரெண்டு என்ன?”

அவன் திரையிலிருந்து விரலை எடுத்தான்.

“படிங்க.”

“ஜப்பான்.”

“அடுத்த ரெண்டு?”

“நேரம்.”

நாச்சிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இலையிலிருந்து கையை எடுத்தார்.

“மோகா, என்னப்பா இது?”

“மொதல்ல தெரியாதுங்கப்பா. பழக்கத்துல அப்பிடிச் சொல்லிட்டேன்.”

“மொதல்ல சரிங்க,” என்றாள் மைதிலி. “காத்தால நானு சாயந்திரம்னு சொன்னனே, அப்ப?”

அவன் மடித்த இலையை இன்னொரு முறை மடித்தான்.

“ஒன்னே காலுக்குப் போலாம்னு சொன்னனே. அப்ப சாப்பிட்டுட்டு அனுப்புன்னீங்க.” அவள் குரல் உயரவில்லை. “மறுசோறு கேட்டீங்க. முட்டை ஊத்தச் சொன்னீங்க. மோரு கடையச் சொன்னீங்க. நானு பாட்டுப் பாடிட்டுக் கடஞ்சேன்.”

“மைதிலி.”

“வால்வு ஒழுகுச்சுன்னு காத்தால பொய் சொன்னேன். உங்களுக்கோசரம்.”

நாச்சிமுத்து மகனைப் பார்த்தார்.

அவள் மின்னஞ்சலைக் கடைசிவரை தள்ளினாள். கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. எண்ணைப் படிக்க மொழி தேவையில்லை. அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு, மடித்த இலைக்குப் பக்கத்தில் போனை வைத்தாள்.

“யாராச்சும் இருந்தா எடுக்கட்டும்,” என்றாள். “நீங்க பேசுங்க.”

“நானு என்னன்னு பேசறது?”

“உங்க இஷ்டம்.”

மணி அடித்தது. இங்கே கேட்கும் மணி மாதிரி இல்லை. நீண்ட ஒற்றை மணி.

“நேரந் தப்பாச் சொல்லிட்டேன், என்ர ஊட்டுக்காரி வாரான்னு சொல்லுங்க,” என்றாள். “இல்ல, அவ வரலீன்னு சொல்லுங்க. எதைச் சொன்னாலும் எனக்குப் புரியாது. மாமாவுக்கும் புரியாது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.”

மூன்றாவது மணி. நான்காவது மணி.

எதிர்முனையில் எடுத்தார்கள்.

அந்த நரைத்த தலைக்காரரின் குரல். கம்பெனி பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் மோகனுக்குப் புரிந்தது. அவர் பின்னால் யாரோ நாற்காலியை உள்ளே தள்ளும் சத்தம்கூடக் கேட்டது.

மைதிலி போனைப் பார்க்கவில்லை. கணவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

“மோஷி மோஷி?” என்றது போன். “மோஷி மோஷி?”